கலியாணக் கசெற்றின் கடைசித் துண்டு

கலியாணக் கசெற்றைக் கடைசிவரை பார்க்கிறவர்கள் எங்கள் சனத்தில் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தாலி கட்டும்வரை பார்ப்பார்கள். பெண் வீட்டார் கூறை மாற்றி வரும்வரை பார்ப்பார்கள். மற்றவர்கள் தங்கள் முகம் வருகிற இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள். பந்தி தொடங்கியதும் எல்லாருக்கும் கொட்டாவி வந்துவிடும். என் தம்பி றொனால்ட்டின் கலியாணத்தை நான் கடைசிவரை ஓடவிட்டது ஆசையில் அல்ல. கையெல்லாம் வெங்காயம், றிமோட்டைத் தொட முடியவில்லை, அவ்வளவுதான்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம். தம்பி அதற்கு முந்தின வருஷம் திருச்சிக்குப் போய், மன்னாரிலிருந்து அகதியாக வந்திருந்த மரியம்மா என்ற பெண்மணியின் மகள் கிளடிஸைக் கட்டிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். ஒரே பிள்ளை என்று தரகர் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது கனடாவில் வதிவிட அனுமதி கிடைக்காததால் என்னால் போக முடியவில்லை. கூடப் பிறந்த ஒரே தம்பியின் கலியாணத்தன்று நான் ஸ்காபரோவில் ஒரு பேக்டரியில் பிஸ்கட் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தம்பி கிளடிஸை ஸ்பொன்சர் செய்தான். நேர்முகத்தில் அவளைக் கேள்வி கேட்ட விசா அதிகாரி, இது விசாவுக்காகச் செய்த கலியாணம் என்று எழுதி மறுத்துவிட்டார். அப்பீல் போட்டோம். எங்கள் லோயர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதையும் நூல் பிடித்தமாதிரிச் செய்கிறவர். கலியாண வீடியோவை முழுதாகக் கொண்டுவரச் சொன்னார். வெட்டி ஒட்டினால் சந்தேகம் வரும், விசாரணை நாளில் மூலக் கசெற்றும் கையில் இருக்கவேண்டும் என்றார்.

இந்தியக் கசெற் கனடா டெக்கில் ஒழுங்காக ஓடாது. அதனால் தம்பி அதைச் சிவபாதத்தின் வீடியோக் கடைக்குக் கொண்டுபோய், இங்கே ஓடக்கூடிய இரண்டு கொப்பி எடுத்தான். வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் ஒன்றை லோயரின் கந்தோரில் கொடுத்தான். மற்றதை எனக்கென்று வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அப்படித்தான் தம்பியின் கலியாணத்தை நான் முதன்முதலாக வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன்.

கிளடிஸ் பெரிய அழகி இல்லை. கொஞ்சம் முற்றின முகம். ஆனால் மாதா கோயிலில் மோதிரம் மாற்றும்போது மோதிரம் தம்பியின் கையிலிருந்து வழுக்கி, உருண்டுபோய்ச் சுவாமியாரின் காலடியில் நின்றது. அதற்கு அவள் சிரித்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல் புறங்கையால் வாயை மூடினாள். அந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

கமெராக்காரன் எச்சில் இலை எடுக்கிறவரை விடாமல் எடுத்திருந்தான். பிறகு திரை சாம்பலாகிச் சீறியது. சரி, முடிந்தது என்று கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது வீட்டுக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கலியாண மேளம் அல்ல. அது எந்த மேளம் என்று அந்த நாளில் ஸ்காபரோவில் இருந்த எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

சிவபாதத்தின் கடையில் ஒரு தட்டு நிறையச் சினிமாப் படம், பக்கத்துத் தட்டு நிறைய, ஊரில் ஆமியோடு சண்டை பிடித்த இயக்கம் எடுத்த படங்கள், அவை அந்த மேளத்தோடுதான் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் வாடகைக்கு எடுத்தும் போடுவார்கள். முகாம் விழுவதும், கொடி ஏறுவதும், பிடித்த ஆயுதங்களை வரிசையாக அடுக்கியிருப்பதும் வரும். சனம் கைதட்டும், சில பேர் அழுவார்கள். எனக்கு அந்தப் படங்களில் நம்பிக்கை இல்லை. எல்லாப் படமும் வென்ற இடத்தோடு முடிந்துவிடும். அடுத்த நாள் யார் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டி என்ன சொன்னார்கள் என்பதை ஒரு படமும் காட்டியதில்லை.

இது அப்படிச் சண்டைப் படமாகவும் இல்லை. தலைப்பு இல்லை, பாட்டு இல்லை. மேளம் ஓய்ந்ததும் ஓர் ஆண்குரல், பள்ளிக்கூட வாத்தியாரைப்போல, நிலத்தோடு ஊர்வது எப்படி என்று பாடம் சொன்னது. முழங்கையை எங்கே ஊன்றவேண்டும், இடுப்பு ஏன் உயரக்கூடாது, உயர்ந்தால் என்ன நடக்கும் என்று நிதானமாகச் சொன்னது. முள்ளுக்கம்பிக்குக் கீழே சேற்றில் பெட்டைப்பிள்ளைகள் ஊர்ந்தார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டிப் பழக்க எடுத்த படம். வெளியே விடுகிற படமே அல்ல.

கம்பியைத் தாண்டி வந்த முதல் பெட்டை எழும்பி நின்றாள். கமெரா அவளுடைய முகத்துக்குக் கிட்டப் போனது. ஒரு பெண்குரல் அவளைக் கேட்டது:

“களைச்சுப் போனீரோ?”

“இல்லை,” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல், சேறு பூசிய புறங்கையால் வாயை மூடினாள்.

நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

தம்பி ஒஷாவாப் பக்கம் காருக்கு உதிரிப்பாகம் செய்கிற பேக்டரியில் வேலை. பின்னேரம் அவன் வந்ததும் சப்பாத்தைக் கழற்றக்கூட விடாமல் ரீவிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். அவன் அந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான். கோயிலில் சிரித்த முகத்துக்குப் போனான், திரும்பச் சேற்று முகத்துக்கு வந்தான். அதே நெற்றி, அதே கண், அதே கை. இது கொஞ்சம் இளசாக இருந்தது, தலைமயிரை இரண்டு பின்னலாக மடித்துக் கட்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

“அக்கா, உது கிளடிஸ்தான்,” என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களை வடிவாக ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். தாயும் மகளும் தரகரும் சேர்ந்து எங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள் என்றேன். தம்பி நான் சொன்னது எதையும் காதில் வாங்கவில்லை. அவனுக்கு வேறு பயம். நேர்முகத்தில் அவளிடம், எந்த இயக்கத்திலாவது இருந்தீரா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வைத்திருந்தாள். இந்தத் துண்டை யாராவது பார்த்தால் கலியாணம் உண்மையோ பொய்யோ என்ற கேள்வியே வராது. அவள் இந்த நாட்டு மண்ணை மிதிக்கவே மாட்டாள். அந்தத் துண்டு காலையிலிருந்து லோயரின் மேசையில் இருந்தது.

லோயரின் கந்தோருக்குப் போன் அடித்தோம். லோயர் கோர்ட்டுக்குப் போய்விட்டார், கசெற்றை மொழிபெயர்ப்பாளர் நவரட்ணம் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று அங்கே போன் எடுக்கிற பெட்டை சொன்னாள். வீடியோவில் பேசுவதையெல்லாம் இங்கிலீசில் எழுதி, முழுவதும் பார்த்தேன் என்று சத்தியம் செய்து திங்கட்கிழமை அவர் கொடுக்கவேண்டுமாம்.

நவரட்ணத்தை எனக்குத் தெரியும். கெட்டவர் இல்லை. அதுதான் கூடுதல் பயம். மண்டபம் எடுத்துப் படம் போடுகிற கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து கைதட்டுகிறவர். அந்த முகத்தைக் கண்டால் அவர் காட்டிக்கொடுக்கமாட்டார், பெருமைப்படுவார். எங்கள் வீட்டுக்கு ஒரு போராளி மருமகளாக வருகிறாள் என்று அடுத்த கூட்டத்தில் மேடையிலேயே சொல்லிவிடுவார். சொல்லாமல் அடக்கிக்கொண்டாலும், சத்தியம் செய்து எழுதுகிற தாளில் பார்த்ததை மறைக்கத் துணிவாரா?

நவரட்ணத்தின் வீடு இருந்த மார்க்கம் நகருக்குக் காரை விட்டோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு லைற்றில் நிற்கும்போதெல்லாம் தம்பி ஸ்ரியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்தவர் நவரட்ணத்தின் மனைவி புனிதவதி. உள்ளே ரீவியில் எங்கள் கலியாணம் ஓடிக்கொண்டிருந்தது. தாலி கட்டி முடிந்து, மண்டபத்தில் ஆட்கள் வரிசையாக வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நவரட்ணம் மடியில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்து, மாப்பிள்ளையே வந்துவிட்டார், இனி யார் யார் என்று கேட்டு எழுதலாம் என்றார்.

கொப்பி சரியில்லை, நல்ல கொப்பி எடுத்துத் தருகிறோம், இதைக் கொண்டுபோக வந்தோம் என்று தம்பி சொன்னான். நவரட்ணம் ரீவியைக் காட்டி, கண்ணாடிமாதிரித் தெரிகிறது, இதைவிட என்ன நல்ல கொப்பி என்றார். பிறகு கையைப் பிடித்து இருத்திவிட்டார். புனிதவதி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். யாழ்ப்பாணத்து வீட்டில் தேத்தண்ணி வந்தபிறகு எழும்பிப் போக முடியுமா? ஒரு வீட்டில் கையை நீட்டிக் கசெற்றைப் பறிக்கத்தான் முடியுமா?

இருந்தோம். படம் ஓடியது. கேக் வெட்டினார்கள். பெண்ணின் மாமா ஒருவர் வாழ்த்துரை என்று தொடங்கி நீட்டி முழக்கினார். அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். அவர் முடித்தார். பந்தி தொடங்கியது.

“பந்திதானே அண்ணை,” என்றான் தம்பி. “இனி எழுதுறதுக்கு ஒண்டும் இல்லை. நிப்பாட்டுவம்.”

“சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைக்கிறனான் தம்பி. கசெற் நிக்கிறவரைக்கும் பாக்கவேணும். அது உங்களுக்குத்தான் நல்லது.”

தம்பியின் தட்டில் ரோல்ஸ் அப்படியே கிடந்தது. திரையில் ஆட்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்கள். இனி இலை எடுப்பார்கள், பிறகு சாம்பல், பிறகு மேளம். அப்போதுதான் புனிதவதி என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, ஆசையாகத்தான் கேட்டார்:

“பொம்பிளைக்குக் கொஞ்சம் வயசு கூடவோ? முகம் முத்தினமாதிரிக் கிடக்கு.”

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபமே வரவில்லை. காலையில் வெங்காயம் உரிக்கும்போது நானும் அதையேதான் நினைத்தேன். ஆனால் என் வாய் ஊரறிந்த வாய். இவ்வளவு காலமும் அந்த வாயால் எனக்கு ஒரு நன்மையும் வந்ததில்லை, அன்றைக்காவது வரட்டும் என்று எழும்பினேன்.

“என்ர தம்பியின்ர பொஞ்சாதிக்கு விலை பேச நாங்கள் இஞ்ச வரேல்லை,” என்றேன். “உங்களுக்கு எங்கட கலியாணத்தைக் காட்டினது காணும்.”

நேரே போய் டெக்கின் பொத்தானை அமத்தினேன். திரை அதற்குள் சாம்பலாகியிருந்தது. கசெற் சூட்டோடு வெளியே வந்தது. அதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, சப்பாத்தின் சிப்பைக்கூட இழுக்காமல் வெளியே வந்துவிட்டேன். பின்னால் தம்பி ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் நவரட்ணம் வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கி வந்து, அவள் தெரியாமல் சொல்லிவிட்டாள், மனசில் வைக்காதீர்கள் என்று கெஞ்சினார். பந்தி வரைக்கும் பார்த்தேன்தானே, முழுதும் பார்த்ததாகவே எழுதிவிடுகிறேன் என்றார். பாவம் மனுசன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. றொனால்ட்டின் அக்கா பேர்ணடெற்றுக்கு விசர், பைத்தியம் என்று புனிதவதி மார்க்கம் முழுக்கச் சொல்லிவைத்தார். அந்தப் பட்டம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு கொப்பிகளிலும் கடைசித் துண்டை அழித்தோம். ஒரு சனலும் வராத நம்பரில் ரீவியை வைத்து, அந்தச் சாம்பலை மேலே பதிந்தோம். அது முடிந்ததும் தம்பி அலமாரியைத் திறந்து மூலக் கசெற்றை எடுத்தான்.

அது ஒரு துவாய்த் துண்டில் சுற்றியிருந்தது. திருச்சியிலிருந்து புறப்படுகிற நேரம் மாமியார் மரியம்மா அப்படியே சுற்றி அவன் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கோ தம்பி, ஒருவருக்கும் கொடுக்காதேங்கோ என்று சொன்னாவாம். பெற்ற தாய், மகளுடைய கலியாணத்தின்மேல் உள்ள ஆசையில் சொல்கிறா என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

இதை விடு என்றேன். கட்டிலுக்கு அடியில் போடு, தொலைந்துபோயிற்று என்று லோயரிடம் சொல்லலாம் என்றேன்.

“தொலைஞ்சுது எண்டால் நம்புவினமோ? மூலத்தையும் கொண்டுவா எண்டு சொன்னவர்தானே,” என்றான். “இது அவளின்ர கழுத்துக்குக் கயிறு அக்கா. வைச்சிருக்க ஏலாது.”

கசெற்றை டெக்குக்குள் தள்ளினான். பதிகிற பொத்தான் இறங்க மறுத்தது. எடுத்துப் பார்த்தால், கசெற்றின் முதுகில் இருக்கிற சின்னப் பிளாஸ்ரிக் பல் உடைத்து எடுக்கப்பட்டிருந்தது. ஒருவரும் மேலே பதிந்துவிடக்கூடாது என்றால் அந்தப் பல்லைத்தான் உடைப்பார்கள். கமெராக்காரன் உடைத்திருப்பான் என்றான் தம்பி. அந்த ஓட்டைமேல் செலோரேப்பை ஒட்டினான். எங்கள் டெக்கில் இந்தியக் கசெற்றின் படம் கீற்றுக் கீற்றாகக் கிழிந்தது, சத்தம் மட்டும் அவதி அவதியாக, வேகம் கூடி வந்தது. கோயில் பாட்டு அணில் கத்துவதுபோலக் கேட்டது. அந்த அவதிக்குள் மேளம் வரும்வரை காத்திருந்து, பொத்தானை அமத்தினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் குடும்பத்தின்மேல் இருந்த கோபத்துக்கு, அழியட்டும் என்றுதான் இருந்தது.

போனில் அவளைக் கேளடா என்றேன். மாட்டேன் என்றான். அவள் கதைப்பது தெருவோரத்து ரெலிபோன் பூத்தில், வரிசையில் நிற்கிறவன் எல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பான்.

“என்னென்ன பட்டிருப்பாளோ தெரியாது. வந்தாப்பிறகு அவளாச் சொன்னால் சொல்லட்டும். நான் ஒரு நாளும் கேக்கமாட்டன்.”

என் தம்பி ஒரு பெரிய மனிதன் என்று அன்றைக்கு முதன்முறையாக நினைத்தேன். அவனும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பான், அதில் என்ன பிழை. ஏதோ ஒரு பாரத்தைத் தான் மட்டும் சுமக்கிறவன்போல அதற்குப் பிறகு நடமாடினான். ஒருவருக்கும் சொல்லாத அந்த விசயத்தால் கிளடிஸ்மேல் அவனுக்கு இருந்த அன்பு இரண்டு மடங்காயிற்று. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அழித்த கொப்பியும் நவரட்ணம் எழுதிய தாளும் லோயரிடம் போய்ச் சேர்ந்தன. அப்பீல் வென்றது. நீதிபதி அம்மா மோதிரம் உருண்ட இடத்தைப் பார்த்துச் சிரித்தா, தாலி கட்டினதோடு போதும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டா. தம்பி மூலக் கசெற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு இருந்தான். அதை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் வசந்தத்தில் கிளடிஸ் வந்து இறங்கினாள். சேற்றில் ஊர்ந்த பெட்டையை நான் அவளில் தேடினேன். எங்கள் கட்டடத்து எலிவேற்றர் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியதும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முழங்கையில் ஒரு தழும்பும் இல்லை. பல காலம் ஆகிவிட்டது, எல்லாம் மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் குளித்து, ஈரத்தலையோடு வந்தவள் முதல் கேட்டது கசெற்றைத்தான். திருச்சியில் அம்மா பின்னேரம் பூத்துக்கு வந்து காத்திருப்பா, அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்கிறேன் என்று சொல்லி வந்தேன் என்றாள். நான் இங்கே ஓடுகிற கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவள் டெக்குக்கு முன்னால் தரையில் இருந்து, கோயில், தாலி, கேக், பந்தி எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினாள். தன்னுடைய கலியாணத்தை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. சாம்பல் வந்ததும் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

சாம்பல் சீறிக்கொண்டேயிருந்தது.

தம்பி அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். ஒரு வருஷத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்திருந்ததை அவன் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அன்பாகச் சொன்னான் என்பதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

“பயப்பிடாதையும். உம்மட துண்டை நான் பாத்திட்டன். எல்லாத்திலையும் அழிச்சுப்போட்டன், மூலத்திலையும்தான். ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஒண்டும் கேக்கமாட்டன்.”

கிளடிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அது நான் இல்லை,” என்றாள். “என்ர அக்கா.”

மக்டலீன். கிளடிஸைவிட ஒரு வயது மூத்தவள். இயக்கத்துக்குப் போய், அந்தப் படம் எடுத்த அடுத்த வருஷமே செத்துப்போனாள். உடலும் வரவில்லை. மன்னாரிலிருந்து வள்ளத்தில் கடல் தாண்டும்போது, நேவி பிடித்தால் என்ன செய்வது என்ற பயத்தில் மரியம்மா மூத்தவளின் படங்கள் எல்லாவற்றையும் கிழித்துக் கடலில் போட்டிருந்தா. பிறகு, மக்டலீனோடு இருந்த ஒரு பிள்ளை திருச்சிக்கு வந்தபோது அந்தப் பயிற்சிப் படத்தில் ஒரு துண்டைக் களவாகக் கொண்டுவந்து கொடுத்தது. போராளியின் குடும்பம் என்று தெரிந்தால் பொலிஸ் பிடித்துச் சிறப்பு முகாமில் அடைப்பார்கள், மற்றவளுக்குக் கலியாணமும் சரிவராது, விசாவும் வராது. அதனால் ஒரே பிள்ளை என்று தரகரிடம் சொன்னார்கள். பொலிஸ் வீட்டைச் சோதித்தால் கலியாணம் மட்டும் தெரியட்டும் என்று, கமெராக்காரனைக் கெஞ்சிக் கலியாணத்தின் கடைசியில் மக்டலீனை ஏற்றுவித்ததும் மரியம்மாதான். கலியாணக் கசெற்றைக் கடைசிவரை யார் பார்க்கப்போகிறார்கள்? அதன் பிறகு பழைய கசெற்றை எரித்துவிட்டு, புதியதன் பல்லைக் கத்தியால் தானே உடைத்து எடுத்தாவாம். கனடாவில்தான் அது பத்திரமாக இருக்கும் என்று துவாயில் சுற்றிக் கொடுத்து அனுப்பினா. வந்து இறங்கியபிறகு வாயைத் திற, அதற்கு முதல் போனிலும் சொல்லாதே, கடிதத்திலும் எழுதாதே என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தா.

இதையெல்லாம் கிளடிஸ் அழாமல் சொன்னாள். தம்பிதான் அழுதான். சிவபாதத்தின் கடையில் அந்தப் படம் இருக்கும், எங்கேயும் தேடி எடுத்துத் தருகிறேன் என்று உளறினான். அது கடைக்கு வருகிற படம் அல்ல என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது, அம்மா பூத்தில் நிற்பா என்று கிளடிஸ் எழும்பினாள். போன் கார்ட்டின் நம்பர்களைத் தம்பி அமத்திக் கொடுத்தான். நான் ரீவியை அணைக்கப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள்.

வந்து சேர்ந்துவிட்டேன், நல்ல ஆட்கள், குளிர் அவ்வளவு இல்லை என்று சொன்னாள். பிறகு மறுபக்கத்தில் தாய் ஏதோ கேட்டா.

“ஓம் அம்மா. பாத்தனான். இருக்கு.”

தாய் திரும்ப ஏதோ கேட்டா. கிளடிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சத்தமோ? சரி அம்மா, பொறுங்கோ. கிட்டப் பிடிக்கிறன்.”

ரிசீவரை ரீவிக்கு முன்னால் நீட்டிப் பிடித்தாள். சாம்பல் சீறிக்கொண்டிருந்தது. மற்றக் கையின் புறத்தை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். முகத்தை அப்பால் திருப்பி, தூரத்தில் நிற்கிறவள்போல, இளசான ஒரு குரலில், “இல்லை,” என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சேற்றிலிருந்து எழும்பின பெட்டை சிரித்தது அதே சிரிப்புத்தான். தம்பி எழும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் ரிசீவரைக் காதில் வைத்தாள்.

“ஓம் அம்மா,” என்றாள். “அக்காதான்.”

போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, முகம் கழுவவேண்டும், காய்ந்த துவாய் ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள்.